சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனோம்

மாடிப்படியின் அடியில் ஐந்து ஜோடிச் செருப்பு கிடந்தது. அதில் ஒன்று செருப்பல்ல, நல்லசாமி சாருடைய பாலிஷ் போட்ட ஷூ. ஞாயிற்றுக்கிழமை அவர் ஷூ போட்டு நான் பார்த்ததே இல்லை. மாணவன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறோம் என்றதும் கல்லூரிக்கு வருகிற மாதிரியே இன் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார்.

சரவணம்பட்டியில் எங்கள் கல்லூரிக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அதில் சரஸ்வதியக்காவின் வீடு. கீழே அவர் குடும்பம், மாடியில் வாடகைக்கு எலியாவும் டெனிஸும். எலியா தான்சானியாக்காரன், டெனிஸ் உகாண்டாக்காரன். இரண்டு பேரும் வணிகவியல் கடைசி வருடம். நல்லசாமி சார் அவர்களுடைய துறைத் தலைவர். நான் கல்லூரியின் மாணவர் ஆலோசகர். பையன்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன், அவர்கள் சம்மதம் கேட்டுக்கொண்டு.

எலியாவின் அப்பா இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது.

நல்லசாமி சார், சரஸ்வதியக்கா, நான், இன்னும் இரண்டு ஆசிரியர்கள் என ஐந்து பேரும் ஏறிப் போனபோது அவன் வாசலிலேயே நின்றான். சலவை செய்த வெள்ளைச் சட்டை. "வாங்க, வாங்க. உக்காருங்க" என்றான். நல்ல கொங்குத் தமிழ். எங்களுக்குத்தான் சங்கடமாகிவிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி போய் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் கட்டிலிலும் உட்கார்ந்தோம்.

அவன் டீ போட்டு வைத்திருந்தான். இஞ்சி வாசனை அறை முழுக்க இருந்தது. மூன்று கண்ணாடி டம்ளர், ஒரு எவர்சில்வர் டம்ளர், கைப்பிடி உடைந்த ஒரு கப். ஆளுக்கொன்றாக முன்னால் வைத்தான். யாரும் தொடவில்லை. பத்து நிமிடம் அப்படியே இருந்தோம். நல்லசாமி சார் ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தார். நாங்களும் எழுந்தோம். ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வரிசையாகப் படியிறங்கினோம்.

எங்கள் பக்கம் துக்க வீட்டில் வருகிறவர்களை யாரும் 'வாங்க' என்று அழைக்க மாட்டார்கள். வந்தவர்களும் புறப்படும்போது 'போயிட்டு வாரனுங்க' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு மறுபடி வருவதாக அர்த்தமாகிவிடும். அங்கே பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்பவர்களும் உண்டு. எங்கள் ஐந்து பேர் வீட்டிலும் அதுதான் வழக்கம்.

படியிறங்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடல் தாண்டி வந்த பையனை நம் ஒறம்பரை, சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் சேர்ந்து துக்கம் கேட்கப் போகலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான்.

காலியாக இருக்கும் பாதி சீட்டு

எலியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவன் ஊர் முவான்ஸா பக்கம், பெரிய ஏரிக்கரையில் ஒரு கிராமம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். முதல் வருடம் வந்தபோது ஆளைவிட அவன் சிரிப்புதான் முதலில் அறைக்குள் நுழையும். தமிழை டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் கற்றுக்கொண்டான். அதனால் அவன் தமிழில் 'ங்க' போடாத சொல்லே கிடையாது. "ஏனுங்க, இந்த பஸ் காந்திபுரம் போகுங்களா?" என்று அவன் கேட்டால் கண்டக்டர்கள் இன்னொரு தடவை கேட்கச் சொல்லி ரசிப்பார்கள்.

கொங்குத் தமிழின் மரியாதையைப் பற்றி நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஒரு நாள் எலியா சாதாரணமாகச் சொன்னான். எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன். "மேம், உங்கள் ஊரில் எல்லோரும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு மட்டும் காலியாகவே இருக்கும். கூட்டமாக இருந்தாலும் நின்றுகொண்டு வருவார்களே தவிர உட்கார மாட்டார்கள். எனக்குப் பை வைக்க வசதி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். அன்றே அவனிடம் வேறு என்னென்ன நடக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அப்பா இறந்த செய்தி ஒரு காலையில் வந்தது. மறுநாள் மாலையே அடக்கம். மூன்று இடத்தில் விமானம் மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மாடிப்படியில் உட்கார்ந்து கைபேசியில்தான் பார்த்தான். பெட்டியை இறக்குகிற நேரம் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது மண்மேடு தெரிந்தது.

மூன்றாம் நாள் வகுப்புக்கு வந்துவிட்டான். கேட்டவர்களிடம் எல்லாம் "நல்லா இருக்கறனுங்க" என்றான். அவனை மெச்சாத ஆசிரியர் இல்லை. ஒரு வாரம் கழித்து வருவது நின்றுபோனது. அப்போதுதான் டெனிஸ் என் அறைக்கு வந்தான். கதவை அவனே சாத்தினான்.

"மேம், அவன் தூங்குவதில்லை. நேற்று என்னிடம் ஒன்று சொன்னான். நாளை காலை எழாமலே இருந்துவிட்டால் நல்லது என்றான்."

இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

பக்கத்தில் இருப்பவரைப் பற்றி

அன்று மதியமே எலியாவை நகரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் பெயர் வேண்டாம். கெட்டிக்காரர் என்றுதான் பெயர்.

எலியாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பித் தமிழில் கேட்டார். "கஞ்சா, மாத்திரை அந்த மாதிரிப் பழக்கம் ஏதாவது இருக்குதுங்களா?"

அப்பா இறந்ததை நான் போனிலேயே சொல்லியிருந்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற பையன்களைக் கூட்டிக்கொண்டு அவரிடம் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். யாரிடமும் இதை முதல் கேள்வியாகக் கேட்டதில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் எலியா சொன்னான். "இல்லீங்க டாக்டர். சிகரெட்டுகூடக் கெடயாதுங்க."

டாக்டர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் அடுத்த கேள்வியையும் என்னிடம்தான் கேட்டார். பையனுக்குப் பசி எடுக்கிறதா என்று. எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்தால் மறைக்கத் தெரியாது. "அவர்கிட்டயே கேளுங்க சார், பக்கத்துலதான் உக்காந்திருக்கார்" என்றேன். அதோடு அந்தச் சந்திப்பு கெட்டது. தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, ரத்த சொந்தம் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது காரில் எலியா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். "அவர் என்னைப் பார்த்து பயந்துவிட்டார் மேம்" என்று மட்டும் சொன்னான். டாக்டருக்காக அவன் இரக்கப்படுவது போல இருந்தது.

தறிச் சத்தத்துக்குள்

என் அண்ணன் ஞாபகம் வந்தது அன்று.

எங்கள் ஊர் சோமனூர். அப்பா காலமான ஐந்தாம் நாள் அண்ணன் தறிக் குடோனைத் திறந்து தறிகளை ஓட்டிவிட்டான். காரியம்கூட முடியவில்லை. ஊரே திட்டியது. நான் சண்டை போடப் போனேன். அத்தனை தறிக்கும் நடுவில் அவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மனிதன் கத்தினாலும் வெளியே கேட்காது. அவனுக்கு அழ அந்த இடம் போதுமென்று இருந்திருக்கிறது. நான் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

ஆண் பிள்ளைகளை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வளர்க்கிறோம் போல. எலியாவை விமான நிலையத்தில் வழியனுப்பும்போது அவன் சித்தப்பா சொன்னாராம், அங்கிருந்து நல்ல செய்தியை மட்டும் அனுப்பு என்று. அவனும் மூன்று வருடமாக அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தான்.

இப்படியெல்லாம் யோசித்துத்தான், அவனுக்கு இப்போது வேண்டியது நாலு பேர் வந்து உட்காருவது என்று முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் திரட்டினேன்.

டெனிஸ் கேட்ட கேள்வி

திங்கட்கிழமை காலை சரஸ்வதியக்கா போன் செய்தார்.

"ஏனுங்க மேடம், நேத்து நீங்கெல்லாம் போன பொறவு அந்தப் பையன் மாடிப்படியிலயே உக்காந்துட்டு இருந்துச்சுங்க. டீயெல்லாம் அப்படியே ஆறிக் கெடந்துச்சு. நான் எறங்கி வந்தவ பேசாம ஊட்டுக்குள்ள போயிட்டனுங்க, சொல்லிக்கக் கூடாதேன்னு. இப்ப கதவத் தட்டுனா தொறக்க மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க."

நான் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே டெனிஸ் வந்து நின்றான். வணக்கம் சொல்லவில்லை.

"நாங்கள் என்ன தப்பு செய்தோம் மேம்?"

எனக்குப் புரியவில்லை.

"நேற்று காலை எலியா ஆறு மணிக்கு எழுந்து வீட்டைத் துடைத்தான். பதினைந்து நாளில் முதல் தடவையாகச் சவரம் செய்தான். அப்பாவுக்காக வருகிறார்கள் என்றான். நீங்கள் வந்தீர்கள். அவன் 'வாங்க' என்றதற்குப் பதில் இல்லை. அவன் கையால் போட்ட டீயைத் தொடவில்லை. ஐந்து பேரும் ஒன்றாக எழுந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்கள். பஸ் சீட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. இது அவன் அப்பாவின் துக்கம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த ஊரில் இனி யாரிடமும் பேச மாட்டேன் என்கிறான். என்னிடமும் சரியாகப் பேசவில்லை. எனக்கு அவனைத் தனியாக விட்டுவிட்டு வகுப்புக்குப் போக முடியவில்லை" என்றான் டெனிஸ். அந்தப் பெரிய உருவம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மனநலம் படித்தவள் நான். துக்கத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறவள். ஒருவனுக்குத் துணையாக இருக்கப் போய், உலகமே அவனைத் தொட மறுக்கிறது என்று அவன் வீட்டுக்குள்ளேயே போய்க் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக பயமாக இருந்தது.

சாத்திய கதவுக்கு முன்னால்

டெனிஸோடு மாடியேறிப் போனேன். சரஸ்வதியக்கா பின்னாலேயே வந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"எலியா, நீ திறக்க வேண்டாம். கேட்டால் போதும்" என்று ஆரம்பித்தேன். எங்கள் வழக்கம் முழுவதையும் அந்தக் கதவிடம் சொன்னேன். ஏன் பதில் சொல்லவில்லை, ஏன் குடிக்கவில்லை, ஏன் சொல்லாமல் போனோம் என்று. ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்கே அபத்தமாகத் தெரிந்தது. சரஸ்வதியக்காவுக்கு என் ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லை. முன்னால் வந்து கதவில் கையை வைத்தார்.

"கண்ணு, எங்கய்யன் செத்தப்பவும் வந்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லாமப் போனாங்க. சொல்லிப்போட்டுப் போயிருந்தா நாங்க சண்டைக்குப் போயிருப்போம். உன்ற அப்பனுக்கும் அதே மொறையத்தான் செஞ்சோம். உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தோணாமப் போச்சு. எங்க தப்புதான் சாமி."

பிறகு தாழ் விலகியது. எலியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்கள் குழி விழுந்திருந்தன.

"அப்படியென்றால் என் அப்பாவுக்காகத்தான் பேசாமல் போனீர்களா?" என்று கேட்டான்.

"ஆமாம்" என்றேன்.

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நாங்களும் தரையில் உட்கார்ந்தோம். அவர்கள் ஊர் முறையை அன்றுதான் கேட்டேன். துக்க வீட்டில் நாள்கணக்காக ஊர் கூடி இருக்குமாம். பாய் விரித்து அங்கேயே தூங்குவார்களாம், அங்கேயே சமைத்துச் சாப்பிடுவார்களாம். பாட்டு இருக்கும், சிரிப்புகூட இருக்கும். வருகிறவர்கள் கையைப் பிடித்து 'போலே' என்பார்களாம். உன் கஷ்டம் எனக்கும் தெரிகிறது என்பதற்கு ஒரே ஒரு சொல். போகும்போதும் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

"எனக்கு ஒருத்தர்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை மேம். போனில் சொன்னார்கள். கையைப் பிடித்து யாரும் சொல்லவில்லை."

சரஸ்வதியக்காவுக்கு அவன் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. அவன் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "போலே கண்ணு" என்றார்.

எலியா தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அழவில்லை. அழ முயற்சி செய்கிறான் என்பது தெரிந்தது, வரவில்லை என்பதும் தெரிந்தது.

கொஞ்சம் கழித்து அவனே சொன்னான். "உங்களிடம் முதலில் எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறது மேம். எங்கள் ஊர், எங்கள் வீடு, அப்பாவை நாங்கள் எப்படிக் கூப்பிடுவோம் என்று. விளக்கி முடிப்பதற்குள் அழுகை உள்ளே போய்விடுகிறது."

அதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித்தந்ததில்லை.

என் அறைக்கு வெளியே

அன்றிலிருந்து நான்கு நாள் டெனிஸும் அவன் நண்பர்களும் முறை வைத்து எலியாவோடு இருந்தார்கள். இரண்டு பேர் பாய் கொண்டுவந்து அங்கேயே தூங்கினார்கள். சரஸ்வதியக்கா தோசை மாவு கொடுத்தனுப்பினார். நான் போனும் கையுமாக அலைந்தேன். விளக்கம் கேட்காத ஆள் ஒருவர் வேண்டும். அவன் மொழி பேசுகிறவராக, முடிந்தால் ஆணாக, மனநல ஆலோசனை முறையாகப் படித்தவராக.

கோவையில் யாரும் கிடைக்கவில்லை. பெங்களூரில் என்னோடு படித்த தோழி ஒருத்தியைப் பிடித்து, அவள் வழியாக இன்னொருவரைப் பிடித்து, கடைசியில் தார் எஸ் ஸலாமில் ஒரு ஆலோசகர் கிடைத்தார். அவரே வெளிநாட்டில் படித்தவர், படிக்கிற காலத்தில் தன் அம்மாவின் அடக்கத்துக்குப் போக முடியாதவர். நான் நிலைமையைச் சொல்லி முடித்ததும், "அவர் எந்த ஏரிக்கரை?" என்றுதான் முதலில் கேட்டார். மாத்திரையை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கத்துக்குத் தொடர்ந்து பார்க்க இங்கே வேறொரு மருத்துவர் வேண்டும் என்றார். அதற்கும் ஒரு நல்ல அம்மாவைக் கண்டுபிடித்தேன். எலியாவிடம் நேராகப் பேசுகிறவர்.

மாடியில் சிக்னல் நிற்காது. அதனால் புதன்கிழமை நாலு மணிக்கு என் அறையையே அவனுக்குக் கொடுத்தேன். மேசை, கணினி, உள்தாழ். என் வேலை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது. இருபது வருட அனுபவத்தில் நான் செய்த மிக உருப்படியான காரியம் அந்த வாட்ச்மேன் உத்தியோகம்தான்.

முதலில் எலியாவின் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது. சுவாஹிலி. எனக்கு ஒரு சொல்லும் புரியாது. பிறகு அந்தப் பக்கத்துக் குரல் ஏதோ சொல்ல, எலியா சிரித்தான். பல நாளாகக் கேட்காத அந்தப் பழைய சிரிப்பு. அது பாதியில் உடைந்தது.

பெரிய ஆண்பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. சின்னக் குழந்தை மாதிரி, மூச்சு வாங்கி வாங்கி. அப்பாவைக் கூப்பிடுகிறான் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

நல்லசாமி சார் வருகைப் பதிவுக் கோப்போடு வந்துகொண்டிருந்தார். நின்றுவிட்டார்.

"ஏனுங்க மேடம், உள்ள யாரோ அழுகறாங்களாட்ட இருக்குதுங்களே?"

"எலியாதானுங்க சார். அழுகட்டும்."

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய் ஏதாவது செய்ய வேண்டுமோ என்று அவர் கை தவித்தது. பிறகு கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். வராந்தாவில் சிரித்துக்கொண்டு வந்த இரண்டு பிள்ளைகளைக் கையைக் காட்டி வேறு வழியாகப் போகச் சொன்னார்.

இன்று என் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. நைஜீரியா, ருவாண்டா, சூடான் என்று பக்கம் பக்கமாக ஆலோசகர்களின் எண்கள். எலியாவும் டெனிஸும் சேர்ந்து விசாரித்து எழுதியது பாதி. அதெல்லாம் பிறகு வந்தது. அன்று எனக்கு நோட்டெல்லாம் தோன்றவில்லை. கதவு எப்போது திறக்கும், அவன் எந்த முகத்தோடு வெளியே வருவான் என்பது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஐந்தேகாலுக்குத் திறந்தது. முகம் வீங்கியிருந்தது. சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். நல்லசாமி சாரைப் பார்த்ததும் நேராக நின்றான்.

"ஏனுங்க மேம்," என்றான் தமிழில், "அடுத்த புதன்கெழமையும் இந்த ரூம் கெடைக்குங்களா?"

காலையில் எழவே வேண்டாம் என்று சொன்னவன் அடுத்த வாரத்துக்கு இடம் கேட்கிறான். தலையை ஆட்டினேன்.

நல்லசாமி சார் பாக்கெட்டிலிருந்து டைரியை எடுத்துப் புரட்டினார். "அடுத்த புதன் நாலு மணிக்கு பக்கத்து ஹாலுல செமினார் வருதுங்களே, இங்கெல்லாம் கூட்டமா இருக்குமே" என்று முணுமுணுத்தார். அவனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்துவிட்டு, அதற்கு மேலே கொட்டை எழுத்தில் 'எலியா' என்று எழுதிக்கொண்டார்.